தலையான பாவங்கள் ஏழு, அவற்றுக்கான மருந்துகள் ஏழு

தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்த பலருக்குத் தலையான பாவங்களின் இந்த வரிசை இன்னும் நாக்கில் இருக்கும்: அகங்காரம், லோபித்தனம் (கஞ்சத்தனம், பேராசை), மோகம் (காமம்), கோபம், போசனப்பிரியம் (பெருந்தீனி), காய்மகாரம் (பொறாமை), சோம்பல். ஞாயிறு பூசை முடிந்ததும் ஞானோபதேச (மறைக்கல்வி) வகுப்பில் இதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அடுத்த மூச்சில் இவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் வரும்: தாழ்ச்சி, உதாரகுணம், கற்பு, பொறுமை, மட்டசனம், பிறர்சிநேகம், சுறுசுறுப்பு. எங்கள் வகுப்பில் மட்டசனம் என்றால் என்னவென்று யாரும் கேட்டதாக நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் எதிர்ச்சொல் படித்த அதே வயது. மேடு பள்ளம், இரவு பகல், கோபம் பொறுமை என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே மனப்பாடம் செய்தோம்.

பல ஆண்டுகள் கழித்து இந்த வரிசையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் இதன் உள்நோக்கம் புரிந்தது. இதை முதலில் வகுத்தவர்கள் மனித மனத்தை நோயாளியின் உடம்பைப் போலக் கவனித்தவர்கள். எந்த நோய் எதிலிருந்து கிளம்புகிறது, எதைத் தொட்டுக்கொண்டு எது வரும், எதைக் கொடுத்தால் தணியும் என்று பார்த்தார்கள். எதிர்ப் புண்ணியம் என்பது அவர்கள் எழுதிய மருந்துச்சீட்டு. அதை எதிர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டால் சில இடங்களில் மருந்தே மாறிப்போகிறது. சோம்பல் விஷயத்தில் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த ஏழும் விவிலியத்தில் ஒரே இடத்தில் வரிசையாகக் கிடையாது. நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் வெறுக்கும் ஏழு காரியங்கள் வருகின்றன. ஆனால் இறுமாப்புள்ள கண்களைத் தவிர மற்றவை வேறு: பொய் நாவு, குற்றமற்றோரின் இரத்தம் சிந்தும் கை, சதி நினைக்கும் உள்ளம், தீமை செய்ய ஓடும் கால், பொய்ச்சான்று, உடன்பிறப்புகளுக்குள் சண்டை மூட்டுதல். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் ஊனியல்பின் செயல்களையும் தூய ஆவியின் கனிகளையும் எதிரெதிரே வைக்கிறார். அதுவும் ஏழுக்கு ஏழு என்ற கணக்கு அல்ல.

இருந்தாலும் இந்த மரபின் அடிப்படை எண்ணம் நற்செய்தியிலேயே இருக்கிறது. மத்தேயு 12ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார். ஒருவனை விட்டு வெளியேறிய தீய ஆவி அலைந்து திரிந்துவிட்டுத் திரும்பி வருகிறது. வீடு கூட்டிப் பெருக்கி, அழகாக, ஆனால் காலியாக இருக்கிறது. அது போய்த் தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறுகிறது. அந்த மனிதனின் பின்னைய நிலை முன்னையதைவிடக் கேடாகிறது. விரட்டினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் யாராவது குடியிருக்க வேண்டும் என்பதுதான் இங்கே செய்தி.

இந்த எண்ணத்தை ஒரு பயிற்சியாக வளர்த்தவர் எவாக்ரியுஸ். கருங்கடல் ஓரத்துப் பொந்து நாட்டில் ஏறத்தாழ கி.பி. 345இல் பிறந்தவர். ஆயர் நசியான்சு கிரகோரியாரிடம் திருத்தொண்டர் பட்டம் (குருப்பட்டத்துக்கு முந்தைய படி) பெற்று, கான்ஸ்டாண்டிநோபிளில் கெட்டிக்காரப் பேச்சாளர் என்று பெயர் எடுத்தார். அங்கே உயர்குடியைச் சேர்ந்த, மணமான ஒரு பெண்மேல் மனம் போய்விட்டது. ஊரை விட்டே ஓடி எருசலேமுக்கு வந்தார். அங்கும் பழைய பகட்டு திரும்பியது. பிறகு கடுமையான காய்ச்சலில் மாதக்கணக்கில் படுத்தார். அவரைக் கவனித்துக்கொண்ட மெலானியா என்ற துறவி அவரிடம் உண்மையைக் கேட்டறிந்து, துறவு வாழ்க்கைக்குப் போவதாக வாக்கு வாங்கினார். அப்படி எகிப்தின் பாலைவனத்துக்கு வந்தவர், நித்ரியாவில் இரண்டு ஆண்டுகளும் பிறகு கெல்லியாவில் சாகும்வரையும் வாழ்ந்தார். 399இல் இறந்தார். கெல்லியா என்றால் அறைகள் என்று பொருள். ஒவ்வொரு துறவியும் தனி அறையில் இருப்பார், வார இறுதியில் மட்டும் எல்லோரும் கோயிலில் கூடுவார்கள். எவாக்ரியுஸ் புத்தகங்களைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். தன் மனம் எப்படியெல்லாம் புரண்டது என்று நன்றாகத் தெரிந்த ஆள் எழுதியது என்பதால்தான் அவர் எழுத்தில் அவ்வளவு நுட்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் ஏழு சொல்லவில்லை, எட்டு சொன்னார். பெருந்தீனி, காமம், பண ஆசை, துயரம், கோபம், அகேதியா, வீண்பெருமை, அகங்காரம். இவற்றைப் பாவங்கள் என்றும் அவர் பெயரிடவில்லை. எண்ணங்கள் என்றார். இந்த எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும் நம் கையில் இருக்கிறது என்பது அவருடைய கணக்கு. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது மனத்தில் வந்துபோன எல்லாவற்றுக்கும் கூசி நிற்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு ஆறுதல்!

ஒவ்வோர் எண்ணத்துக்கும் பதில் சொல்ல விவிலிய வசனங்களைத் தொகுத்துத் தனி நூலாகவே எழுதினார். எட்டுப் பகுதிகள், ஏறக்குறைய 500 வசனங்கள். பாலைவனத்தில் சாத்தானுக்கு இயேசு வேதவாக்கைக் கொண்டே பதில் சொன்னாரே, அதுதான் மாதிரி. இன்னோரிடத்தில் ஒரு குறுக்கு வழியையும் அவர் சொல்கிறார். நாம் முள்ளை முள்ளால் எடுப்பது என்போம், அவர் ஆணியை ஆணியால் அடித்து வெளியேற்றுவது என்கிறார். காமம் துரத்தும்போது ஊரார் என்ன நினைப்பார்கள் என்ற வீண்பெருமையை எதிரே நிறுத்தலாம். அது வேலை செய்யும். ஆனால் அதோடு அவர் நிற்கவில்லை. வீண்பெருமையைத் தாழ்ச்சியாலும் காமத்தைத் தன்னடக்கத்தாலும் விரட்ட முடிந்தால் அதுவே ஆழ்ந்த உள்ள அமைதியின் அடையாளம் என்கிறார். எதிர்ப் புண்ணியம் என்ற கருத்து இங்கே தெளிவாகத் தலைகாட்டுகிறது. ஒரு கெட்ட பழக்கத்தை இன்னொரு கெட்ட பழக்கத்தால் அடக்குவதை நாம் தினமும் செய்கிறோம். கௌரவத்துக்குப் பயந்து ஒழுக்கமாக இருப்பவர்கள் எத்தனை பேர். அது முதலுதவி மட்டுமே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி அந்த எட்டில் விசித்திரமான ஒன்று, அகேதியா. நம் வரிசையில் சோம்பல் என்று ஆனது இதுதான். கிரேக்கத்தில் இதற்கு அக்கறையின்மை என்று பொருள் வரும். மனத்தில் அக்கறை வற்றிப்போவது. எவாக்ரியுஸ் இதை நண்பகல் பேய் என்றார். திருப்பாடல் 91இல் நண்பகலில் தாக்கும் ஆபத்து ஒன்று வருகிறதே, அதன் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த பெயர்.

அவர் வருணிப்பது இப்படி. முற்பகல் பத்து மணிவாக்கில் தொடங்கும், பிற்பகல் இரண்டு வரை துறவியைச் சுற்றி வளைத்திருக்கும். சூரியன் நகரவே நகராது. ஒரு பகல் ஐம்பது மணி நேரம் நீளமாகத் தோன்றும். ஜன்னலைப் பார்க்கச் சொல்லும். அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெயிலைப் பார்க்கச் சொல்லும். யாராவது சகோதரர் இந்தப் பக்கம் வருகிறாரா என்று அங்கும் இங்கும் தேடச் சொல்லும். அப்புறம் இந்த இடத்தின்மேல் வெறுப்பு வரும், இந்த வாழ்க்கைமேல் வெறுப்பு வரும், கையில் இருக்கும் வேலைமேல் வெறுப்பு வரும். இங்கே யாருக்கும் அன்பே இல்லை, ஆறுதல் சொல்ல ஆளில்லை என்று தோன்றும். அண்மையில் யாராவது மனம் நோகப் பேசியிருந்தால் அதையும் கொண்டுவந்து போடும். வேறோர் ஊர் போனால் பிழைப்பு எளிது, கடவுளை எங்கிருந்தும் கும்பிடலாமே என்று நியாயம் பேசும். வீட்டு ஞாபகம், பழைய வாழ்க்கை ஞாபகம், இன்னும் எத்தனை ஆண்டு இப்படியே கிடக்க வேண்டுமோ என்ற மலைப்பு. எல்லாம் சேர்ந்து அறையை விட்டு ஓட வைக்கும்.

இந்த மனிதன் சோம்பேறியா? படுத்துத் தூங்குகிறானா? இல்லை. தவித்துக்கொண்டிருக்கிறான். எவாக்ரியுஸின் வழியில் வந்த யோவான் காசியன் என்ற துறவி இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறார்: இந்த நோய் வந்தவனுக்கு நல்ல காரியங்கள் செய்யும் ஆசைகூட வரும். தொலைவில் இருக்கும் நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டும், உறவினரை விசாரிக்க வேண்டும், ஆதரவற்ற பக்தியுள்ள அம்மா ஒருவருக்கு உதவ வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். தன் அறையில் தன் கடமையோடு உட்காருவதைத் தவிர எல்லாவற்றையும் செய்வான்.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினார் இதை இறையியல் மொழியில் சொன்னார். அகேதியா என்பது கடவுளோடு இருக்கும் நன்மையைக் கண்டு வரும் துக்கம், ஆகவே அது இறையன்பிலிருந்து பிறக்கும் மகிழ்ச்சிக்கு எதிரானது என்றார். பத்துக் கட்டளைகளில் எதற்கு எதிரானது என்று கேட்டுக்கொண்டு அவர் தரும் பதில் வியப்பானது: ஓய்வுநாளைப் புனிதமாகக் கடைப்பிடி என்ற கட்டளைக்கு. சோம்பல் என்று நாம் மொழிபெயர்த்த பாவம், ஓய்வுக்கு எதிரான பாவம்!

அப்படிப் பார்த்தால் சுறுசுறுப்பு இதற்கு மருந்தாகாது. ஓடிக்கொண்டே இருப்பவனிடம் இன்னும் வேகமாக ஓடு என்று சொன்ன மாதிரி. காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை ஒரு நிமிடம் சும்மா இராமல், கோயில் காரியம், சங்கக் காரியம், அன்பியக் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழு) கூட்டம் என்று அலைந்துவிட்டு, கடவுளோடு ஐந்து நிமிடம் தனியாக உட்காரப் பயப்படும் நிலை பலருக்கு வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கிறது. ஞானோபதேசத்தில் படித்த கணக்கின்படி நான் அப்போது புண்ணியத்தில் இருந்தேன். எவாக்ரியுஸின் கணக்கின்படி நோயில் இருந்தேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நகர்வை ஞானோபதேசம் எழுதியவர்கள் தொடங்கிவைக்கவில்லை. காசியனே அகேதியாவுக்கு மருந்தாகக் கைவேலையை மிகவும் வலியுறுத்தியவர். உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் கூடாது என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதை எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். பவுல் என்ற முதிய துறவியின் கதையைச் சொல்கிறார். சந்தைக்குப் போக ஏழு நாள் நடக்க வேண்டிய பாலைவனத்தில் அவர் இருந்தார். அன்றாடம் பனையோலையில் வேலை செய்வார். ஆண்டு முழுவதும் செய்ததைக் குகையில் சேர்த்துவைத்து, ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் எரித்துவிடுவார். அடுத்த நாள் மறுபடியும் தொடங்குவார். சம்பாத்தியத்துக்காகச் செய்த வேலை அன்று. மனத்தை ஓரிடத்தில் கட்டிப்போடச் செய்த வேலை.

எகிப்தின் முதல் துறவிகளில் ஒருவரான வனத்து அந்தோணியாரைப் பற்றிய கதையும் இதேதான். அவருக்கு அகேதியா வந்து, ஆண்டவரே, நான் கரைசேர நினைக்கிறேன், இந்த எண்ணங்கள் விடமாட்டேன் என்கின்றனவே என்று முறையிட்டார். வெளியே வந்து பார்த்தால், தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார். பிறகு எழுந்து செபிக்கிறார். மறுபடி உட்கார்ந்து திரிக்கிறார். மறுபடி எழுகிறார். அது வானதூதர். இப்படிச் செய், கரைசேருவாய் என்றார். வேலையும் செபமும், மாறி மாறி, அதே இடத்தில். இந்த நிலைத்திருத்தலுக்கு சுறுசுறுப்பு என்ற பெயர் பொருந்துமா? நிலைபேறு என்று சொல்லியிருக்கலாம். உறுதியோடு தரித்திருத்தல் என்றாவது சொல்லியிருக்கலாம்.

சரி, எட்டு எப்படி ஏழானது? 399இல் அலெக்சாந்திரியா ஆயர் தெயோபிலுஸ், ஓரிஜன் என்ற பழைய ஆசிரியரின் வழியில் நடந்த துறவிகளுக்கு எதிராகத் திரும்பினார். பலர் எகிப்தை விட்டு வெளியேறினார்கள். காசியனும் அந்தக் காலத்தில் கிளம்பி, கடைசியில் இன்றைய பிரான்சின் மார்செய் நகரில், ஏறத்தாழ 415இல், துறவு மடங்கள் நிறுவினார். எட்டு எண்ணங்களையும் லத்தீனில் எழுதி மேற்கே கொண்டுவந்தவர் அவர்தான். எவாக்ரியுஸின் பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை. 553இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கத்தை ஒட்டி எவாக்ரியுஸும் கண்டனத்துக்குள்ளானார். அவருடைய நூல்கள் சில சிரியாக் மொழியிலும், சில வேறொருவர் பெயரிலும் தப்பிப் பிழைத்தன. ஞானோபதேசத்தில் அவர் பெயர் இல்லாததற்கு இது ஒரு காரணம். அவர் தந்த வரிசையைத்தான் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை நினைத்தால் மனத்துக்கு வருத்தமாக இருக்கிறது.

590இல் திருத்தந்தையான (போப்பாண்டவரான) பெரிய கிரகோரியார், முன்பு சொன்ன நசியான்சு கிரகோரியார் அல்ல, வரிசையைக் கலைத்து அடுக்கினார். யோபு நூலுக்கு அவர் எழுதிய நீண்ட விளக்கவுரையில், அகங்காரத்தைப் பட்டியலிலிருந்து வெளியே எடுத்து எல்லாவற்றுக்கும் அரசியாக உட்காரவைத்தார். அவளுக்குக் கீழே ஏழு தளபதிகள்: வீண்பெருமை, காய்மகாரம், கோபம், துயரம், பேராசை, பெருந்தீனி, காமம். காய்மகாரம் புதிதாக உள்ளே வந்தது. தனி அறையில் வாழும் துறவிக்கு அடுத்தவனைப் பார்த்து எரிய வாய்ப்புக் குறைவு, ஊருக்குள் வாழ்பவர்களுக்கு அதுதான் தினப்படி சோதனை. அதனால் இந்த மாற்றம் எனக்கு இயல்பாகவே படுகிறது. அகேதியா துயரத்துக்குள் கரைந்தது. பிற்காலத்தில் வீண்பெருமை அகங்காரத்தோடு சேர, துயரத்தின் இடத்தில் அகேதியா திரும்பி வந்து, மெல்ல மெல்லச் சோம்பலாகச் சுருங்கியது.

தலையான என்ற சொல்லும் கிரகோரியாரின் இந்தப் படம் வழியாகத்தான் விளங்குகிறது. ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு படை. காய்மகாரத்தின் பின்னால் வெறுப்பு, காதில் ஓதுதல், புறணி, அடுத்தவர் துன்பத்தில் மகிழ்ச்சி, அடுத்தவர் வாழ்வில் வேதனை. பேராசையின் பின்னால் துரோகம், மோசடி, பொய்யாணை, நிம்மதியின்மை, கல்நெஞ்சம். மற்றவற்றுக்குத் தலைமை தாங்குவதால் இவை தலையான பாவங்கள். மிகக் கொடியவை என்ற பொருள் அதில் இல்லை. பலர் இவற்றைச் சாவான பாவத்தோடு, அதாவது ஆன்மாவைச் சாகடிக்கும் கனமான பாவத்தோடு, குழப்பிக்கொள்கிறார்கள். கொலை சாவான பாவம், ஆனால் இந்த ஏழில் அது இல்லை. ஒரு வாய் அதிகம் சாப்பிடுவது போசனப்பிரியத்தைச் சேரும், ஆனால் அதற்காக ஆன்மா செத்துப்போகாது. ஏழு என்பது வேர்களின் பட்டியல்.

மருந்து என்ற உவமையையும் கிரகோரியாரே வெளிப்படையாகச் சொன்னார். ஒரு நற்செய்தி மறையுரையில், மருத்துவர் சூட்டைக் குளிர்ச்சியாலும் குளிர்ச்சியைச் சூட்டாலும் குணப்படுத்துவதுபோல, வானக மருத்துவரான ஆண்டவர் காமுகனுக்குக் கற்பையும் கஞ்சனுக்கு ஈகையையும் கோபக்காரனுக்குச் சாந்தத்தையும் அகங்காரிக்குத் தாழ்ச்சியையும் எழுதிக்கொடுத்தார் என்கிறார். சூட்டுக்கு இளநீர், குளிர்ச்சிக்குச் சுக்கு என்று வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மக்களிடம் இது போய்ச் சேர்ந்தது பிற்பாடு. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி தன் ஓராண்டு வாழ்க்கையை எப்படி நினைத்துப் பார்ப்பார்? ஏழு விரல் மடக்கி எண்ணலாம். குருக்களுக்கும் கேள்வி கேட்க வசதி. பாவத்துக்கு ஒன்று, அதற்கு எதிரே புண்ணியம் ஒன்று என்று கையேடுகள் பெருகின.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் உண்டு. கிறிஸ்தவ மரபில் ஏழு புண்ணியங்கள் என்ற பெயரில் இரண்டு பட்டியல்கள் ஓடுகின்றன. ஒன்று, விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றோடு, கிரேக்கர்களிடமிருந்து வந்த விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் என்ற நான்கையும் சேர்த்தது. மற்றது, ஏழு பாவங்களுக்கு எதிரான ஏழு. இத்தாலியின் பதுவா நகரில் ஜியோத்தோ ஏறத்தாழ 1305இல் ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயத்தில் தீட்டியது முதல் பட்டியல். ஒரு சுவரில் புண்ணியங்கள், எதிர்ச்சுவரில் அவற்றுக்கு எதிரான தீக்குணங்கள். நம்பிக்கைக்கு எதிரே அவநம்பிக்கை தூக்கில் தொங்குகிறது. அன்புக்கு எதிரே காய்மகாரம் நிற்கிறது. அதன் வாயிலிருந்து ஒரு பாம்பு புறப்பட்டு, வளைந்து வந்து அதன் கண்ணையே கடிக்கப் பார்க்கிறது. காலடியில் நெருப்பு. அதைப் படத்தில் பார்க்கும் ஒவ்வொரு முறையும், ஞானோபதேசத் தமிழ் இதற்குத் தேர்ந்த சொல்லை நினைத்துக்கொள்வேன். பொறாமை என்பதைவிடக் காய்மகாரம் என்பதில் அந்தக் காய்தல், உள்ளுக்குள் எரிதல், காதிலேயே கேட்கிறது. இத்தனைக்கும் அந்தச் சிற்றாலயத்தைக் கட்டிய என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞியின் தந்தை ரெஜினால்தோ வட்டிக்குக் கொடுத்துப் பேர் கெட்டவர்.

ஏழில் எல்லா ஜோடிகளும் ஒரே அளவு பேச இடம் தருபவை அல்ல. சில மட்டும் என்னை நிறுத்திவைக்கின்றன.

போசனப்பிரியம், மட்டசனம். மட்டு என்றால் அளவு, அசனம் என்றால் உணவு. பெருந்தீனிக்கு மருந்து பட்டினி என்று எழுதாமல் அளவோடு உண்பது என்று எழுதினார்களே, அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்களுக்கு மரபு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கிரகோரியார் இந்தக் குற்றத்தை ஐந்தாகப் பிரிக்கிறார்: வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் அளவுமீறிய நுணுக்கம் பார்ப்பது, அதிகம் உண்பது, ஆவலோடு பாய்வது. விவிலியத்தில் எசாவு தன் தலைமகன் உரிமையை விற்றது வெறும் பயற்றுக் கூழுக்கு. இறைவாக்கினர் எலியா இறைச்சி உண்டார், அவர்மேல் குற்றமில்லை. தட்டில் இருப்பது என்ன என்பது கேள்வியே அல்ல, நாக்குக்கு யார் எசமான் என்பதுதான்.

கோபம், பொறுமை. இதில் மரபுக்குள்ளேயே பெரியவர்கள் ஒத்துப்போகவில்லை. காசியன் கறாரானவர். கண்ணை மறைக்கும் தகடு தங்கமாக இருந்தால் என்ன, ஈயமாக இருந்தால் என்ன, பார்வை போவது ஒன்றுதான். அதுபோல நியாயமான கோபம் என்று சொல்லிக்கொண்டாலும் அது கண்ணை மறைக்கும் என்கிறார். தன் சொந்தப் பாவத்தின்மேல் மட்டும் கோபப்படலாம். தோமா அக்குவினார் அப்படிச் சொல்லவில்லை. அறிவுக்குக் கட்டுப்பட்ட கோபம் நல்லது, கோபப்பட வேண்டிய இடத்தில் கோபம் வராததும் குற்றமாகலாம் என்கிறார். தொழுகைக்கூடத்தில் சூம்பிய கையுள்ளவரை நலமாக்கும் முன் இயேசு சினத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறாரே. நான் அக்குவினார் பக்கம். அநியாயம் நடக்கும் வீட்டில் பெண்களிடம் மட்டும் பொறுமையைப் போதித்த மறையுரைகளை நிறையக் கேட்டாயிற்று. அதை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், என் கோபம் நியாயமானது என்று நான் மிக உறுதியாக நம்பிய தருணங்களில் காசியனின் தங்கத் தகடு ஞாபகம் வந்திருக்கிறது.

லோபித்தனத்துக்கு மருந்தான உதாரகுணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் புருடென்சியுஸ் புண்ணியங்களும் தீக்குணங்களும் ஆன்மாவுக்காகப் போரிடுவதை ஒரு காவியமாகப் பாடினார். அதில் கோபம் பொறுமையின் தலைக்கவசத்தில் வாளை ஓங்கி அடித்து, வாள் உடைந்துபோக, வெறியில் தன்னையே குத்திக்கொண்டு சாகும். பொறுமை விரலைக்கூட அசைப்பதில்லை. ஆனால் பேராசை அப்படி நேரடியாக வருவதில்லை. அது சிக்கனத்தின் வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. பிள்ளைகளுக்காகச் சேர்க்கிறேன் என்கிறது. மற்ற எந்தத் தீக்குணத்துக்கும் இப்படி மரியாதையான உடை கிடைப்பதில்லை.

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் இந்த ஏழுக்கு அவ்வளவு இடமில்லை. லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கட்டளைகள்தாம் முதலில் நிற்கின்றன, ஏழின் பட்டியல் இல்லை. விவிலியத்தில் நேரடியாக இருப்பதைக் கற்பிப்பது என்ற நோக்கம் அதில் உண்டு. கிழக்கத்திய சபைகள் எவாக்ரியுஸின் எட்டையே வைத்துக்கொண்டன. கத்தோலிக்கத் திருஅவை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலில் ஏழையும் சொல்லும்போது காசியனையும் கிரகோரியாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடைசி இடத்தில் சோம்பலையும் அகேதியாவையும் சேர்த்தே போடுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2023 டிசம்பரில் தொடங்கி அடுத்த மே வரை புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் தீக்குணங்களையும் நற்பண்புகளையும் எடுத்துப் பேசினார். அதில் துயரத்துக்கும் அகேதியாவுக்கும் தனித்தனி உரை கொடுத்தார். பழைய எட்டின் வாசனை அதில் இருந்தது.

மிச்சமிருப்பது அகங்காரம். பாலைவனத்துப் பெரியவர்கள் இதையும் இதன் தங்கையான வீண்பெருமையையும் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற எல்லாவற்றையும் வென்ற பிறகு, வென்றேன் என்ற எண்ணமாக இது வரும். உபவாசம் இருந்தால் அதில் வரும், உபவாசத்தை மறைத்தால் மறைத்தேனே என்பதிலும் வரும். காசியன் வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிடுகிறார், ஒரு தோலை உரித்தால் உள்ளே அடுத்தது. தாழ்ச்சியை மருந்தாகக் கொடுத்தால், எனக்குத் தாழ்ச்சி இருக்கிறது என்று அதையும் உணவாக்கிக்கொள்ளும். அதனால் இந்த ஒரு நோய்க்கு அவர்கள் அறிவுரை சொல்வதைவிட நிகழ்ச்சிகளைச் சொல்வதையே விரும்பினார்கள்.

எகிப்தின் ஸ்கேத்தே பாலைவனத்தில் ஒரு சகோதரர் தவறு செய்துவிட்டார். விசாரிக்கச் சபை கூடியது. கறுப்பரான அப்பா மோசேயையும் அழைத்தார்கள். (அப்பா என்பது மூத்த துறவிகளை அழைக்கும் மரியாதைச் சொல்.) அவர் துறவியாகும் முன் கொள்ளைக்காரராக இருந்தவர். அவர் வரவில்லை. எல்லோரும் காத்திருக்கிறோம், வாருங்கள் என்று மறுபடி ஆளனுப்பினார்கள். மோசே ஓட்டைப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்தார். எதிர்கொண்டு வந்தவர்கள் பின்னால் ஒழுகும் தண்ணீரைப் பார்த்து, இது என்ன அப்பா என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகி ஓடுகின்றன, என் கண்ணுக்கு அவை தெரியவில்லை, நான் இன்னொருவருடைய தவற்றுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துகொண்டிருக்கிறேன் என்றார். அவர்கள் அந்தச் சகோதரரிடம் அதற்குமேல் எதுவும் பேசாமல் மன்னித்தார்கள்.